காக்கா எத்தனையாவது பிள்ளை

தங்கச்சி கெம்பஸில் கடைசி வருடம். ஓர் ஆய்வு செய்து கொடுக்க வேண்டும். மூத்த பிள்ளைகளின் உடம்பில் மன அழுத்த ஓமோன் கூடவா, இளைய பிள்ளைகளுக்குக் குறைவா என்று பார்க்கிற ஆய்வு. கூட என்று சிலர் எழுதியிருக்கிறார்களாம். அப்படியெல்லாம் இல்லை என்று வேறு சிலர் எழுதியிருக்கிறார்களாம். எச்சிலை எடுத்து அனுப்பினால் மெஷினில் அளந்து சொல்வார்கள் என்றாள்.

காக்கா, எங்கள் அண்ணன், அப்போது கட்டாரிலிருந்து வந்திருந்தார். வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார். கொஞ்சக் காலம் ஊரில் நின்றுவிட்டு வா என்று கம்பனி அனுப்பியது. இங்கே டொக்டரிடம் கொண்டு போனேன். இருதயத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, யோசனை கூட, மனதை லேசாக வைத்திருங்கள் என்றார். அதற்கு மருந்து எழுதவில்லை.

காக்காவுக்கு நாற்பது வயது கிட்ட. கலியாணம் இல்லை. வந்த பேச்சையெல்லாம் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவிட்டார். முதலில் உம்மாவுக்கு ஒரு வீடு. பிறகு வாப்பாவின் வருத்தம், ஆஸ்பத்திரிச் செலவு, வாப்பாவின் மவுத்து. இப்போது தங்கச்சிக்கு வீடு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டித்தான் கலியாணம் பேச முடியும். காசு காக்காவுடையது. கட்டுகிற மேசன் நான். சுவர் எழும்பிவிட்டது. மேலே கொங்கிரீட் பிளேட் போடவில்லை. அவர் திரும்பிப் போவதா, ஊரில் நிற்பதா என்பதுதான் வீட்டில் ஒரே கதை.

நான் பெண் கட்டின வீட்டில், அடுத்த தெருவில் இருக்கிறேன். டொக்டர் தனியே விட வேண்டாம் என்று சொன்னதால் அந்த நாட்களில் உம்மா வீட்டில் காக்காவின் அறையில் படுத்தேன்.

தங்கச்சிக்கு மூத்தவரும் இளையவரும் சோடியாக வேண்டும். அண்ணன் தம்பி எங்களையும் ஒரு சோடியாக எடுத்தாள். பின்னேரம் பாயில் இருந்து கேள்விகளை வாசித்தாள். உம்மா பக்கத்தில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி அரித்துக்கொண்டிருந்தார்.

“பெரிய காக்கா, எத்தனாவது புள்ள. ஒண்டு,” என்று அவளே சொல்லி அவளே எழுதினாள்.

“ரெண்டு,” என்றார் உம்மா.

“என்ன உம்மா?”

“ஒன்ட ராத்தா ஒண்டு. அவன் ரெண்டு. இவன் மூண்டு. நீ நாலு.”

“இப்ப இரிக்கிறவங்களத்தான் உம்மா கேக்குறாங்க.”

“ஆரு கேக்குறா?”

“ஆய்வுக்கு.”

“அவங்களா பெத்த? நான் பெத்த. நாலு.”

உம்மா அரிசித் தண்ணீரை ஊற்றப் போய்விட்டார். தங்கச்சி பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். அவளில் பிழை இல்லை. சுனாமியில் கடல் வந்தபோது அவள் நடக்கப் பழகி அதிக நாள் இல்லை. ராத்தாவின், எங்கள் அக்காவின், முகம் அவளுக்குத் தெரியாது. அவள் கண் தெரிந்த நாளிலிருந்து மூத்தது காக்காதான்.

அவள் கெம்பஸில் படிப்பிக்கிற சேருக்குப் போன் எடுத்தாள். காக்காவையே கேள், அவர் தன்னை எத்தனையாவது என்று நினைக்கிறார் என்று சொன்னாராம்.

கேட்டாள்.

காக்கா சுவரில் சாய்ந்து இருந்தார். “பதினெட்டு வயசு மட்டுக்கும் ரெண்டு,” என்றார். “பொறகு ஒண்டு.”

“அப்பிடி எழுத இடமில்ல காக்கா.”

“அப்ப நீ விருப்பமானத்த எழுது.”

அவர் சொன்னது சரி. ராத்தா இருந்த காலத்தில் காக்கா வேறு ஆள். பந்து விளையாட்டும் கடற்கரையும்தான். பகல் ஏறியும் படுத்திருப்பார். ராத்தா ஈர்க்கில் விளக்குமாற்றின் பிடியால் காலில் தட்டுவாள். “எழும்புடா, மையத்தே,” என்று ஏசுவாள். அவர் பிணம்போல் போர்வையைத் தலைவரை இழுத்து மூடுவார். வீட்டில் எல்லாம் ராத்தாதான். வாப்பாவின் தோணிக் கணக்கு, உம்மாவின் மருந்து, என்னைப் பள்ளிக்கு அனுப்புவது. மூத்த பிள்ளை என்றால் அதுதான். அவளுடைய எச்சிலில் என்ன இருந்திருக்கும் என்று இனி யாராலும் பார்க்க முடியாது.

கடல் வந்த அன்று ராத்தாவின் மையத்தைத் தேடி எடுத்தது காக்காதான். அடக்கிவிட்டு வந்து, உடுத்திருந்த சாரத்தோடு ஒரு மூலையில் இருந்தார். வாப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. அடுத்த கிழமையே காக்கா இடிந்த கல் அள்ளுகிற வேலைக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. பந்தை அதன்பின் நான் காணவில்லை.

எனக்கும் அன்றைக்கு ஓர் இடம் ஏறியது. மூன்றாவது இரண்டாவது ஆனேன். ஆனால் என்னிடம் யாரும் எதையும் கொண்டுவந்து தரவில்லை. எல்லாம் காக்காவிடம் போனது. அதனால் பிறந்த வரிசை என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை. பிறந்ததிலா இருக்கிறது, விட்டுப்போனதிலா? தங்கச்சியிடம் கேட்டேன். “அதத்தான் சின்னக் காக்கா நானும் சேரிட்ட கேட்டேன்,” என்றாள். அவருக்கும் சரியாகத் தெரியாதாம்.

எச்சில் எடுக்கிற விதம் இதுதான். நித்திரையால் எழும்பிய உடனே ஒரு பஞ்சை வாயில் வைத்து மென்று குழாயில் போட வேண்டும். அரை மணித்தியாலம் கழித்து இன்னொன்று. எழும்பும்போது அந்த ஓமோன் கூடுமாம். எவ்வளவு கூடுகிறது என்பதுதான் விசயம். நோன்பு காலம் என்பதால் விடிய முன் சஹருக்கு எழும்பும் நேரத்தில் எடுப்போம் என்றாள். பெருநாளைக்குப் பிறகு எடுத்தால் நல்லம் என்று சேர் சொன்னாராம். அதற்குள் காக்கா போய்விட்டால் சோடி உடைந்துவிடும் என்று அவள் பயந்தாள்.

எச்சில் எடுக்கிற அன்று தங்கச்சி கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து இரண்டு பேருக்கும் பஞ்சு தந்தாள். காக்கா பஞ்சை மென்றுகொண்டே சொன்னார்.

“கட்டார்ல ரோட்டுல துப்பினா தண்டம். இஞ்ச துப்பினா சீசாவில போட்டுப் பேர் எழுதுறாள்.”

“கதைக்காதீங்க காக்கா. மெல்லுங்க.”

என்னுடையதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். செம்மண் மாதிரி இருந்தது.

“வெத்திலை போட்டீங்களா?”

“ராவு போட்டன்.”

“சொன்னேன்தானே போடவேணாம் எண்டு.”

“மேசன்ட வாய்க்குள்ள செங்கல் இல்லாம வேற என்ன இரிக்கும்,” என்றார் காக்கா. அந்த லீவில் அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தரம்தான். என்னுடையதை அடுத்த நாள் திரும்ப எடுத்தாள். குழாய்களை ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு பிரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள். உம்மா அதைக் கண்டு, அந்த மீனை ஆக்க மாட்டேன் என்று அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

பெருநாளைக்குக் கிட்ட முடிவு வந்தது. நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். தங்கச்சி போனைப் பார்த்துவிட்டு, “பெரிய காக்காக்குக் கொறவு,” என்றாள். “சின்னக் காக்காவ விடக் கொறவு. எழும்பினாப் பொறகும் கூடல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் உம்மா. “நெஞ்சில ஒண்டுமில்ல எண்டு டொக்டரும் சொன்னார். மெஷினும் சொல்லிட்டு.”

“அப்பிடி இல்ல உம்மா. கொறவு எண்டா நல்லம் எண்டு இல்ல. கனநாள் களைச்ச ஆக்களுக்கும் கொறையுமாம்.”

உம்மா அதைக் கேட்கவில்லை. காக்காவின் கோப்பையில் இன்னொரு அகப்பை கஞ்சி ஊற்றினார். காக்கா அதைக் குடித்து முடித்தார்.

“அப்ப நான் டிக்கட் போடச் சொல்றன்,” என்றார்.

அப்போதுதான் நான் வாய் திறந்தேன். தங்கச்சியிடம் கேட்டேன். “நித்திரையால எழும்பின ஒடனதானே எடுக்கோணும்?”

“ஓம்.”

“இவர் நித்திரை கொள்ளல்ல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது கணக்கில் வரும் என்று எனக்கு முதலில் தெரியாது. முடிவைக் கேட்ட பிறகுதான் யோசித்தேன். அவர் ஊருக்கு வந்த நாளிலிருந்து இரவில் நித்திரை கொண்டதை நான் காணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். நான் புரண்டால், “தண்ணி வேணுமா?” என்று கேட்பார். அவ்வளவு தெளிவாகக் கேட்பார். தங்கச்சி கதவைத் தட்டிய அன்றும் அப்படித்தான் படுத்திருந்தார்.

“கொண்டேன்,” என்றார் காக்கா.

“பொய் சொல்லாதீங்க காக்கா. கணக்கெல்லாம் பிழைச்சிரும்,” என்றாள் தங்கச்சி.

“பிழைச்சா என்ன. படிப்புத்தானே.”

“ஒங்கட ஒடம்பு காக்கா.”

“கொறவு எண்டு நீதானே சொன்ன.”

தங்கச்சி அழுதாள். எனக்கு வீடு வேண்டாம் என்றாள். நான் வேலைக்குப் போய் நானே கட்டுகிறேன் என்றாள்.

“வீடில்லாம ஒன்ன ஆரு வந்து கேப்பான்?” என்றார் உம்மா. ஆனால் குரல் இறங்கிவிட்டது. கஞ்சிப் பானையை மூடினார். பிறகு காக்காவைப் பார்க்காமல், “மெய்யா மகன்? நித்திரை இல்லையா?” என்று கேட்டார்.

“கொள்ளுறன் உம்மா.”

காக்கா முற்றத்துக்குப் போனபோது நான் பின்னால் போனேன். “நான் போறன் காக்கா,” என்றேன். “மேசன் வேல அங்கயும் இரிக்கிதானே.”

“ஒனக்குப் புள்ளையள் இரிக்கி.”

“ஒங்களுக்கு வருத்தம்.”

“எனக்கு ஆரிரிக்கா, பாத்து அழ?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விலை சொல்வதுபோல் சொன்னார். “பிளேட்டப் போட்டிரு. மழைக்கு முந்திப் போடு. மத்தது நான் பாக்குறன்.”

பிளேட்டுக்கு எத்தனை கம்பி வேண்டும் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். நான் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

தங்கச்சி சேரிடம் உண்மையைச் சொன்னாள். நித்திரை கொள்ளாதவரின் அளவை எழும்பிய அளவென்று போட முடியாது, எடுத்துவிடு என்றாராம். காக்கா கணக்கிலிருந்து போனதால் சோடியும் போனது. நானும் போனேன். அவளுடைய ஆய்வில் எங்கள் வீடு இல்லை. மற்ற வீடுகளில் யார் யார் நித்திரை கொண்டார்கள், யார் யாருக்கு முன்னால் யார் மவுத்தானார்கள் என்று திரும்பக் கேட்கத் தொடங்கினாள். கேட்கக் கேட்க அவளுடைய தாளில் மூத்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கடல் வந்துபோன எங்கள் கரையில் அது அப்படித்தான் வரும்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் பின்னேரம் வேன் வந்தது. உம்மா ஓதி, காக்காவின் நெற்றியில் ஊதினார். தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்கடய எடுத்துட்டன் காக்கா,” என்றாள். “நீங்க கணக்கில இல்ல.”

“நல்லம்,” என்றார் காக்கா.

அவர் முன் சீட்டில் ஏறி, பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். வேன் பாண்டிருப்புப் பக்கம் திரும்பும் வரை நின்றோம்.

அடுத்த நாள் நான் பிளேட்டுக்குக் கம்பி கட்டப் போனேன். உச்சிக்குக் காக்கா போன் எடுத்தார். சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். சாப்பாடு கொண்டுவந்த உம்மா பக்கத்தில் நின்றார். நித்திரை கொண்டானா என்று கேள் என்றார். கேட்டேன்.

“ஓம்,” என்றார் காக்கா.

உம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் சோற்றுப் பெட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் சுவர்களுக்கு நடுவில் போய் நின்றார்.