பாஸ்வேர்டாக வைத்த பெயர்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது ரோஷத்தால். எண்பதுகளின் கடைசியில் திருச்செங்கோட்டில் எங்களைப் போலவே போர்வெல் துளைக்கிற ரிக் வண்டி வைத்திருந்த இன்னொருவர் தன் ஆபீசுக்கு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமனாருக்குக் கேட்கும்படி அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். மாமனார் பாயசத்துக்குக்கூட உட்காரவில்லையாம். அடுத்த மாதமே சேலத்திலிருந்து வேனில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின.

ஆபீசில் வைத்தால் டிரைவர்கள் கிரீஸ் கையோடு தொட்டுவிடுவார்கள் என்று வீட்டிலேயே கிழக்குப் பக்கத்து அறையை அதற்குக் கொடுத்தார்கள். ஏ.சி. மாட்டினார்கள். வீட்டிலேயே முதல் ஏ.சி. அதுதான், மனிதர்கள் எல்லோரும் விசிறியோடு கிடக்க, அது மட்டும் குளுகுளுவென்று இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் திரைக்கு மேலே மாமியார் சந்தனப் பொட்டு வைத்துவிடுவார்.

யார் அதை ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. பெரிய மைத்துனர் ஒரு விரலால் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பொம்பளைங்க வேலையாட்ட இருக்குது" என்று எழுந்துவிட்டார். அப்புறம்தான் மாமனாருக்கு என் ஞாபகம் வந்தது. நான் பனமரத்துப்பட்டிப் பெண். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கணிதம் படித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர். அந்த வீட்டில் அதுவரை என் படிப்புக்கு இருந்த ஒரே உபயோகம், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது.

"அம்மிணி, நீதான படிச்ச புள்ள. இதக் கத்துக்க. முடியலீன்னா டவுன்ல ஒரு பையனப் போட்டுக்கறேன்" என்றார்.

கற்றுக்கொண்டேன். நெல்லும் பருப்பும் மாமியார் பொறுப்பு, பால் கணக்கு பெரிய ஓரகத்தி பொறுப்பு. அந்த அறை மட்டும்தான் எனக்கென்று கிடைத்தது. காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று மாமனாரே சாத்தச் சொல்லியிருந்தார். பகலில் கதவைச் சாத்திக்கொள்ள அனுமதி இருந்த ஒரே மருமகள் நான்தான். எந்த ஊரில் போர் போட்டார்கள், எத்தனை அடி, எங்கே பாறை தட்டியது, எங்கே தண்ணீர் வந்தது என்று ரிக்கோடு போனவர்கள் அனுப்புகிற விவரங்களைப் பதிவது என் வேலை.

அந்த ரிக்கோடு போனவர்களில் என் கணவரும் ஒருவர். மழைக்காலத்துக்கு வீட்டுக்கு வருவார். மற்றபடி ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று வண்டி போகிற இடத்தில் இருப்பார். போன் வரும்போது மாமனார் பேசுவார், மாமியார் அழுவார், பெரிய மைத்துனர் டீசல் பற்றிக் கேட்பார். என் முறை வருவதற்குள் லைன் போய்விடும்.

ஒருநாள் ஓரகத்தியின் பிள்ளைகள் பள்ளியிலிருந்து ஒரு விளையாட்டு பிளாப்பியைக் கொண்டுவந்து போட்டு, இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதும், கண்ணில் பட்டதையெல்லாம் அழித்துவிட்டார்கள். அதில் என் மூன்று மாத உழைப்பும் போனது. பிள்ளைகளைத் திட்ட எனக்கு உரிமையில்லை. அழுதுகொண்டே சேலத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அஸ்தம்பட்டியில் கம்ப்யூட்டர் விற்ற கடையிலிருந்து ஒரு இன்ஜினியர் பைக்கில் வந்தார். என்னைவிடச் சின்னவர், அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார். எழுதியதை வாரம் ஒருமுறை வேறு பிளாப்பியில் நகல் எடுத்து, பீரோவில் தனியாக வைக்கவேண்டும். இரண்டாவது, பாஸ்வேர்டு. "அக்கா, வேற யாருக்கும் தெரியாத வார்த்தையா வைங்க. எழுதி வைக்காதீங்க, மறக்காம இருக்கணும், யார் கேட்டாலும் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, நான் அடிப்பதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். என் வாழ்க்கையில் ஒரு ஆண்பிள்ளை எனக்காகத் திரும்பி நின்றது அதுதான் முதல் தடவை.

மறக்கக் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. என் கணவரின் பெயரை அடித்தேன்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் என் அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவாள், நான் சொல்வேன். காலேஜுக்குப் போன பிறகு அதற்காக அம்மாவை நான் கிண்டல் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் எனக்குக் கல்யாணமானதும் என் வாயும் தானாகப் பூட்டிக்கொண்டது. ஊரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது; நான் ஒருத்திதான் 'ஏனுங்க'.

இப்போது தினமும் காலையில் என் விரல் அந்தப் பெயரைச் சொல்லியது. அடிக்க அடிக்கத் திரையில் எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரம் நட்சத்திரமாக வரும். யாருக்கும் தெரியாது. சில நாள் வேலை முடிந்த பிறகும், சும்மா புரோகிராமை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போவேன், இன்னொரு தடவை அடிக்கலாமே என்று. இதைச் சொல்ல இப்போதும் காது சூடாகிறது. ஆனால் சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் மாசி வாக்கில் மத்தியப் பிரதேசத்திலிருந்து போன் வந்தது. துளை போடுகிற ராடு நழுவி அவருடைய இடது கையில் விழுந்துவிட்டது, ஒரு விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள், மற்றபடி பயமில்லை என்றார்கள். மாமியார் மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். நான் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பெயரை அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து மாமனார் நாலைந்து ரிக் ஓனர்களை வீட்டுக்கு அழைத்தார். பந்தியில் பீற்றிக்கொண்டவரும் அதில் ஒருவர். "எங்கூட்டு மருமவளே ஓட்டுது, வந்து பாருங்க" என்று மாமனார் சொல்லியிருந்தார். அவர்கள் அறைவாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து என் பின்னால் வரிசையாக நின்றார்கள். நான் புதுப்புடவை கட்டியிருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டேன், பெயரை அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு என்றது. மூன்றாவது தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அதற்கும் அதே பதில்.

"நல்லாத்தான் ஓட்டுது" என்றார் பந்திக்காரர்.

மாமனார் கூடத்துக்குப் போய் சேலத்துக்கு டிரங்க் கால் போட்டார். லைன் கிடைக்கும்வரை கூடத்தில் போய் உட்கார்ந்த எல்லோருக்கும் காபி வந்தது. டவுனில் ஒரு பையனைப் போட்டுக்கொள்வார்கள், இந்த அறை போய்விடும், மறுபடி மருந்துச் சீட்டுத்தான் என்பதே என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

லைன் கிடைத்தது. கூடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு மாமனார் கத்த, அறையிலிருந்து நான் பதில் சொல்லவேண்டும்.

"நீ தப்பா அடிக்கறியோ என்னமோங்கறாரு. அந்தப் பாஸ்வேர்டச் சொல்லி வேற ஆரையாச்சும் அடிச்சுப் பாக்கச் சொல்றாரு. சொல்லு சாமி, என்ன அது?"

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

"சொல்லு அம்மிணி, லைன் போயிரும்."

"அதச் சொல்லக் கூடாதுங்க மாமா."

"ஊட்டுக்குள்ள என்ன மறைப்பு?" என்றார் பெரிய மைத்துனர். பந்திக்காரர் காபியை ஆற்றிக்கொண்டே, "பெரியவங்க முன்னால சொல்ல முடியாத வார்த்தையாட்ட இருக்குது" என்றார். அதற்கு ஒருவர் சிரித்தார். என்ன நினைத்துச் சிரித்தார் என்பது எனக்குப் புரிந்தது. இனிமேல் வாயைத் திறக்காமல் இருந்தால் நான் கெட்டேன். மாமியாரைக் கதவோரம் இழுத்து, காதில், "உங்க பையன் பேருதானுங்க அத்தை" என்றேன்.

மாமியாருக்கு மெதுவாகப் பேசும் பழக்கம் பிறவியிலேயே கிடையாது. "என்ற பையன் பேரா? அவம் பேரையா இதுல தட்டிக்கிட்டு இருக்கறே?"

கூடமே சிரித்தது. மாமனார் சிரிப்பும் வெட்கமுமாகப் போனில், "புருசம் பேரத்தான் வெச்சிருக்குதுங்க" என்று சொன்னார். அந்தப் பக்கம் இன்ஜினியர் சொன்னதையும் அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னார்: "கம்ப்யூட்டர் வாங்குன எல்லா எடத்துலயும் பொம்பளைங்க அதைத்தான் வெக்கறாங்களாம். அதனால அத வெக்கவே கூடாதுங்கறாரு." உலகத்தில் யாருக்கும் தோன்றாத ரகசியம் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, ஊர் முழுக்கத் தெரிந்த பழைய சங்கதி. அந்த நிமிஷம் தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

பிறகு இன்ஜினியர் கேட்டது ஒரே கேள்வி. இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கான பொத்தானுக்கு மேலே சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். எரிந்தது. அறையைத் துடைத்த யாரோ துணியோடு அதை அழுத்தியிருக்கிறார்கள். நான் அடித்ததெல்லாம் பெரிய எழுத்தாக விழுந்து, அதற்கு அது வேறு வார்த்தையாகிவிட்டது. பொத்தானை அமுக்கினேன், விளக்கு அணைந்தது. பெயரை அடிக்க வேண்டும். ஐந்தாறு ஆண்கள், பெரியவர்கள், மறுபடி என் பின்னால் வந்து நின்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன அடிக்கிறேன் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் முன்னால் என் கணவரைத் தொடுவதுபோல இருந்தது. அடித்தேன். திறந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். வந்தவர்களில் வயதானவர் ஒருவர், தப்பாக ஒன்றும் நினைக்காமல், சும்மா தமாஷுக்குக் கேட்டார். "பேரச் சொன்னா ஆயுசு கொறையும்பாங்க. தட்டுனா என்ன ஆகுமோ?"

மாமியார் சிரிப்பை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். "தெனமுமா தட்டுனே?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "அதான் அவனுக்குக் கையில அடிபட்டுருக்குது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக்கு விடை கிடைத்தவர் மாதிரி சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அவர் கத்தியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். விருந்தாளிகள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார் மாமனார். சாமியைவிடப் பெரிய காவல் ஏது என்று மலைமேல் இருக்கிற சாமியின் பெயரை வைக்கவைத்தார். அது வீடு முழுக்கத் தெரிந்த பாஸ்வேர்டு. காலையில் நான் கம்ப்யூட்டரைப் போடும்போது மாமியார் அடுப்படியிலிருந்து அதைச் சத்தமாகச் சொல்லிக் கும்பிடுவார். ஒரே வாரத்தில் பிள்ளைகள் விளையாட்டு பிளாப்பியோடு திரும்பி வந்துவிட்டார்கள். பீரோவில் வைத்திருந்த நகலால்தான் நான் தப்பித்தேன். டவுன் பையனைப் போடவில்லை. நாற்காலி எனக்கே இருந்தது. ஆனால் அந்த அறைக்குப் போக எனக்கு முன்போல ஆசை வரவில்லை.

மாமியார் சொன்னதை நான் நம்பவில்லை. ராடு நழுவியதற்கு அதைத் தூக்குகிற கொக்கி தேய்ந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். கணிதம் படித்தவள், இதுகூடவா தெரியாது. அப்படியென்றால் ஏன் பல நாள் கையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நாளில் எத்தனை தடவை அடித்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்? ஆசைக்காக வெளியே வந்து வெளியே வந்து அடித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆடியில் வடக்கே மழை பிடித்ததும் வண்டிகள் திரும்பின. அவர் வந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கையில், நான் வேலையாக இருந்த அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம்பேரத் தூக்கிப்போட்டுட்டயாமா?"

"மாமா மாத்தச் சொல்லீட்டாருங்க."

"அம்மா சொல்லுச்சு." கீபோர்டை ஒரு விரலால் தடவினார். "அங்க காட்டுல கெடக்கறப்ப, தெனமும் காத்தால எம்பேர ஒருத்தி தட்டிக்கிட்டு இருப்பான்னு தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் புள்ள."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

"இங்க ஆருமில்ல. ஒருக்கா வாயில சொல்லு" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முதல் எழுத்து நாக்குவரை வந்துவிட்டது. அவருடைய இடது கை மேஜைமேல் இருந்தது. நுனி இல்லாத அந்த விரலில் தோல் இன்னும் ரோஜா நிறத்தில், புதுசாக இருந்தது. நான் பயந்துபோனேன். என் அம்மா பயந்த அதே பயம், துளிகூடக் குறையாமல். வாயை மூடிக்கொண்டேன்.

"ஏம் புள்ள?"

"வெக்கமா இருக்குதுங்க" என்றேன்.

அவர் அதை நம்பினார். "சரி உடு" என்று சிரித்து, அந்தக் கையாலேயே என் தலையில் தட்டிவிட்டுப் போனார். அன்று பொழுது முழுக்க அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.