நினைவஞ்சலியிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்புவது

நினைவஞ்சலிக்கு வருகிறவருக்குக் கோழி சாண்ட்விச்சா, காய்கறி சாண்ட்விச்சா என்று நகராட்சி கடிதம் போட்டுக் கேட்கும் என்றால் சென்னையில் எங்கள் பாலவாக்கத்தில் என்னை அடிக்க வருவார்கள். நான் வேலை பார்க்கும் இந்தப் பிரெஞ்சு நகரத்தில் அப்படித்தான் கேட்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் இங்கே மெட்ரோ நிலையத்தில் பயங்கரவாதிகள் குண்டு வைத்தார்கள். அப்போது நான் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை ரத்தம் கொட்டிய ஒரு வாலிபனின் காலை என் சட்டையால் இறுக்கிக் கட்டி, அழுத்திப் பிடித்திருந்தேன். அவன் பிழைக்கவில்லை. அதனால் வருடா வருடம் இறந்தவர்களின் குடும்பங்கள், தீயணைப்புக்காரர்கள், நர்சுகள் நடுவே எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள்.

முதல் வருடம் மேயர் பெயர்களைப் படித்தார். ஒரு நிமிட மௌனம், பிறகு எல்லோருக்கும் காபி. அந்த வாலிபனின் தாயை அங்கேதான் பார்த்தேன். மேடம் என்றே கூப்பிடுகிறேன். மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார். தண்ணீர் கேட்டான் என்றேன். யாரோ அழைத்து அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், கோட்டை எடுத்துக்கொண்டு நைசாக வெளியே வந்துவிட்டேன். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பினால், அங்கே இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும் அல்லவா? ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் புடவை மடித்த காலத்தில் நானும் ஏழுமலையும் எத்தனை சாவுக்குப் போயிருப்போம்! மாலையைப் போட்டதும் ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டு நழுவிவிடுவோம்.

மேடம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மகனைப் பற்றி நான் எதையோ மறைக்கிறேன் என்று வருடம் முழுக்கத் தூக்கமில்லையாம். அடுத்த வருடம் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "ஏன் ஓடினீர்கள்?" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் நம் வழக்கத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவனைக் கடைசியாகத் தொட்டவர் நீங்கள். திரும்ப வருவேன் என்று எனக்குச் சொல்ல வேண்டும்," என்றார். சொன்னேன். நாக்கு கூசியது. அதன்பின் ஒவ்வொரு வருடமும் சொல்லிச் சொல்லி, கூச்சம் விட்டுப்போனது.

இந்த முறை விடுப்பில் ஊருக்குப் போனேன். நான் இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஏழுமலை மாரடைப்பில் போயிருந்தான். அவன் அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தள்ளிப்போட்டு, கடைசி நாளில்தான் அக்காவோடு திருவான்மியூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து, அவர் கையைப் பிடித்து, "போய்ட்டு வரேன் பெரிம்மா," என்றேன்.

சுற்றியிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா என் முதுகில் கிள்ளினாள்.

"இன்னாடா பேசற? அறிவு கீதா உனக்கு? சாவு வூட்ல யாராவது சொல்லிக்கினு போவாங்களா? கெளம்பு."

அவமானமாக இருந்தது. எங்கே கற்றுக்கொண்டேன் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆனால் பெரியம்மா என் கையை விடவில்லை.

"எப்போ வருவ நைனா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை எனக்கு விமானம். இங்கே மேடத்திடம் வருவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.