கணக்கெடுப்பு யாருக்கு?

ரைகானின் கடையில் மூன்று அலமாரிகள்தான். தேயிலை, சர்க்கரை, சோப்பு, மிட்டாய். கீழே மாவு மூட்டைகள். ஆண்டுக்கு ஒரு முறை சரக்கை எண்ணினால் போதும். ஆனால் நினைத்த நேரத்தில் அவள் கடைக் கதவில் ‘கணக்கெடுப்பு’ என்ற அட்டை தொங்கும். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கும், சன்னல் திரை மூடியிருக்கும்.

அப்போதெல்லாம் உள்ளே அவள் கணவன் பெய்செனுக்கு வலிப்பு வந்திருக்கும்.

கசாக்குகளாகிய நாங்கள் அதை முயல்நோய் என்போம். அதுகூட அரிதாகத்தான்; பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரைகானும் சொன்னதில்லை. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவன் அடுப்பருகே விழுந்தபோது, பயந்துபோய் அவன் பல்லிடுக்கில் கரண்டியைத் திணித்தாள். முன்பல் ஒன்று உடைந்தது. அதன்பின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோனதே இல்லை. மற்றதையும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கற்றாள்: கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது, இடிக்கிற பொருளை நகர்த்திவிட வேண்டும், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வெளிச்சத்தை மறைத்து, மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெய்சென் இதில் எதையும் பார்த்ததில்லை. கண் விழிக்கும்போது தலைக்கடியில் மடித்த மெத்தை இருக்கும்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடிங்க.”

இளம் வயதிலேயே டிராக்டர் ஓட்டுவதை விட்டுவிட்டான். கண் சரியில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டான். கடையின் பின்னறையில் உட்கார்ந்து வானொலியும் கைப்பேசியும் பழுதுபார்த்தான். நகரத்து மருத்துவர் தந்த மாத்திரைகள் ஒரு தேயிலை டப்பாவில் இருந்தன. ஊருக்குத் தெரிந்தால் விருந்துகளில் தன் பக்கத்தில் உட்காரவே யோசிப்பார்கள் என்பது அவன் பயம். அந்தப் பயத்துக்காகத்தான் அவள் அட்டையைத் தொங்கவிட்டாள்.

அவர்களுக்கு ஒரு வேட்டைநாய் இருந்தது. பெயர் உஷ்கிர். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், பட்டு போன்ற காது மயிர். சென்ற குளிர்காலம் முழுக்க முயல் பிடித்துத் தந்தது. பனி உருகி, தெரு சேறான ஒரு நண்பகலில் அது கடையில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தது. பெய்செனின் சித்தப்பா மகன் தொக்தார் மாவு வாங்க வந்திருந்தான். எங்கள் பெண்கள் கணவன் வழி ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரைகானுக்கு அவன் ‘மீசைத்தம்பி’.

“அண்ணி, மாவுல பாதி சுண்ணாம்பா? போன தடவை என் பொண்டாட்டி செஞ்ச ரொட்டியால சுவரே கட்டலாம்.”

“அது மாவோட குத்தமில்ல, மீசைத்தம்பி. நீ பொண்ணு பாத்த லட்சணம்.”

அவன் சிரித்து முடிப்பதற்குள் உஷ்கிர் எழ முயன்று பக்கவாட்டில் சாய்ந்தது. கழுத்து பின்னால் வளைந்தது. நான்கு கால்களும் காற்றில் ஓடின. வாயில் நுரை தள்ளியது.

தொக்தார் கதவுவரை பின்வாங்கினான். “வெறி! அண்ணி, வெறி புடிச்சிருக்கு! வெளிய வாங்க!”

போன இலையுதிர் காலத்தில் ஒரு வெறிநரி அவன் பட்டிக்குள் புகுந்து பசுவைக் கடித்தது. அந்தப் பசுவை அவன் தன் கையாலேயே கொல்ல வேண்டியிருந்தது. இப்போது வண்டியில் இருந்த துப்பாக்கியை எடுக்க ஓடினான்.

ரைகான் நாயைத் தொடவில்லை. எடைக்கற்களைத் தள்ளினாள். அது தலையை மோதிக்கொண்டிருந்த மேசைக்காலை ஒட்டித் தன் கோட்டைச் சுருட்டி வைத்தாள். திரையை இழுத்தாள். கை தானாகவே அட்டையை எடுத்துக் கதவில் மாட்டியது. தாழிட்டுவிட்டு, எட்ட உட்கார்ந்து, “முடிஞ்சிடும், கண்ணு, இதோ முடிஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சத்தம் கேட்டுப் பின்னறையிலிருந்து வந்த பெய்சென் வாசற்படியிலேயே நின்றான். உதைக்கிற கால்களைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அந்தக் குரலை அவன் எங்கோ கேட்டிருக்கிறான்.

“அண்ணி, கதவைத் திறங்க!” வெளியே தொக்தார் தட்டினான். “குழந்தைங்க வந்து போற எடம். சுட்டுடறேன், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

“இது வெறி இல்ல தம்பி.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ரைகான் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பதில் சொன்னால் கணவனின் ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் நாய் போய்விடும்.

பெய்சென் மூட்டையைத் தாண்டி வந்து தாழை நீக்கினான். துப்பாக்கியின் எதிரே நின்றான்.

“இது முயல்நோய்டா. எனக்கும் இருக்கு. சின்ன வயசிலேருந்து. இவ பாத்துப் பாத்துப் பழகினவ. போதுமா?”

தொக்தார் துப்பாக்கியைத் தாழ்த்தினான். மீசையைத் தடவினான்.

“அதான் தெரியுமே, அண்ணே.”

“என்ன தெரியும்?”

“மூணு அலமாரிக் கடைக்கு ஒரே மாசத்துல நாலு தடவை கணக்கெடுப்பா? ஊருல எங்களுக்கு எண்ணத் தெரியாதா? அட்டை தொங்குனா, அண்ணனுக்கு முடியலேன்னு குழந்தைங்களக்கூட அந்தப் பக்கம் சத்தம் போட விடமாட்டோம்.”

பெய்சென் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். ரைகான் முதலில் சிரித்தாள், பிறகு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

அதற்குள் உஷ்கிரின் கால்கள் ஓய்ந்திருந்தன. சிறிது நேரம் யாரையும் அடையாளம் தெரியாமல் பார்த்தது. தள்ளாடி எழுந்து சுவரில் முட்டியது. பிறகு கிண்ணத்திலிருந்த தண்ணீர் முழுவதையும் நக்கிக் குடித்தது.

தொக்தார் மட்டும் விடவில்லை. “தண்ணி குடிச்சா ஆச்சா? எதுக்கும் டாக்டரம்மாவக் கூப்புடுங்க.”

கால்நடை மருத்துவர் நஸீபா மாலையில் வந்தார். இலையுதிர் காலத்திலேயே உஷ்கிருக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டவரும் அவர்தான். இருந்தாலும் பத்து நாள் தனியாகக் கட்டி வைக்கச் சொன்னார். பத்து நாளும் தொக்தார் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான். கடைசி நாளில் ஒரு ஆட்டெலும்பைக் கொண்டுவந்து நீட்டினான்.

அன்று டீ குடிக்கும்போது பெய்சென் மெதுவாகக் கேட்டான்: “நானும் அப்படித்தான் உதைப்பேனா?”

“நீங்க இன்னும் மோசம். அது ஒரு மேசையோட விட்டுச்சு.”

அவன் உடைந்த பல் தெரியச் சிரித்தான்.

கோடையில் ரைகான் ஒருநாள் பால் வாங்கப் போய்த் திரும்பியபோது, கடைக் கதவில் அட்டை தலைகீழாகத் தொங்கியது. அவள் நடையை எட்டிப் போட்டாள். தெருவில் தொக்தார் வண்டியை நிறுத்தினான்.

“கணக்கெடுப்பு யாருக்கு அண்ணி? அண்ணனுக்கா, நாய்க்கா?”

அவள் திரையோரமாக உள்ளே பார்த்தாள். உஷ்கிர் ஒருக்களித்துப் படுத்திருந்தது. பக்கத்தில் தரையில் பெய்சென் உட்கார்ந்து, கோட்டைச் சுருட்டி வைத்து, மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

“நாய்க்குத்தான்,” என்றாள். பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் அங்கேயே நின்றாள்.

இந்த முறை நஸீபா நாய்க்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெய்சென் சீட்டிலிருந்த மாத்திரையின் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, “என் மாத்திரைதான்!” என்றான். உஷ்கிரின் மாத்திரையும் இப்போது அதே தேயிலை டப்பாவில் இருக்கிறது. டப்பா கடையில், எல்லாரும் பார்க்கிற அலமாரியில் இருக்கிறது.