வில்பிரட்டின் காது

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கார் வீல் வாங்கப் போகிறவர்கள் முதலில் வில்பிரட்டிடம் நாலு திட்டு வாங்க வேண்டும். அப்புறம்தான் வீல். டேப்பை எடுத்து விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பிடித்தால் போயிற்று. "டயரு எங்க குந்துதோ அங்க அளக்கணும். ஓரத்தப் புட்ச்சு அளந்தா பதினாலு இன்ச்சு பியட் வீலு பதினஞ்சுக்கு மேல காட்டும். நீ அம்பாசிடர்னு நெனச்சி தூக்கிகினு போவ. மாட்டறப்ப நாக்கு தள்ளும்" என்பார். ஐந்து ஓட்டை வீலில் அளப்பதற்கு, இல்லாத நேரெதிர் ஓட்டையைத் தேடி விழிக்கிறவனைக் கண்டால் அவருக்குக் குஷி பிறந்துவிடும். அவன் தேடித் தேடிக் களைக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அப்படி ஒரு வாய், அப்படி ஒரு மனசு.

ஆனால் வேலை தெரிந்தவர். அதை இல்லையென்று சொல்ல முடியாது. பெயிண்டைச் சுரண்டி, பின்பக்கம் குத்தியிருக்கும் எழுத்தைப் பார்த்து, இது பியட், இது ஹெரால்ட் என்று பிரித்துவிடுவார். கடைசியில் ஒரு சோதனை. வீலின் நடு ஓட்டையில் கம்பியைக் கொடுத்துத் தூக்கி, ஸ்பானரால் ஒரு தட்டு. நல்ல இரும்பு ணங்கென்று இழுத்துப் பாடும். நட்டு ஓட்டைப் பக்கம் மயிரிழை விரிசல் இருந்தாலும் சொத்தென்று அடங்கிவிடும். மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்திருந்தாலும் இந்த இடத்தில் பாச்சா பலிக்காது. விரிசல் விட்ட வீலோடு ஜிஎஸ்டி ரோட்டில் போனால் வீல் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அதனால் பழைய கார்க்காரர்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் வில்பிரட் தட்டிச் சொன்ன பிறகுதான் எடுப்பார்கள்.

இதில் சங்கடம் என்னவென்றால், வில்பிரட்டுக்குக் காது கேட்காது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றே வயசைக் கழித்தவர். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய் ஒருநாள் மொத்தமாகப் போய்விட்டது. ஆளுக்கு அது வெளியே தெரியக் கூடாது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்வார். பிடிபடாத இடத்தில் எதிராளியைத் திட்டிவிடுவார். திட்டுகிறவனுக்குக் காது கேட்காதென்று யார் நினைப்பார்கள்? ஆனால் வீலுக்கு உதடு கிடையாதே. அதற்குத்தான் பேபி.

பேபி அவர் மனைவி. கிழக்குத் தாம்பரத்திலிருந்து வெள்ளிதோறும் கூடவே வந்து, எதிரே ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். வீல் பாடினால் சும்மா இருப்பாள். அடங்கினால் வெயிலுக்குப் போடுகிற மாதிரி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிடுவாள். வில்பிரட் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "போடு காயலான் கடைல" என்று வீலைத் தள்ளுவார். இந்த ஏற்பாடு அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் பேபி விளக்குமாற்றுக்குச் சமம். வெள்ளிக்கிழமை மட்டும் அவளில்லாமல் ஒன்றும் நடக்காது. அந்த ஒரு நாளை நினைத்துத்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டினாள், பாவம்.

அன்றைக்கு ஸ்ரீரங்கன் வந்தார். சேலையூர்க்காரர், பழைய பியட் ஒன்றைக் குழந்தை மாதிரி வைத்துக் காப்பாற்றுகிறவர். ஸ்டெப்னிக்கு ஒரு வீல் ஜெரோம் கடையில் கிடைத்திருந்தது. ஜெரோம் அதே வரிசையில் கடை போடுகிறவன். வில்பிரட்டைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. இருந்தாலும், வில்பிரட் தட்டிச் சொன்னால்தான் எடுப்பேன் என்று ஸ்ரீரங்கன் ஒற்றைக்காலில் நிற்க, முணுமுணுத்துக்கொண்டே வீலை உருட்டி வந்தான்.

வில்பிரட் குனிந்து அளக்கிற நேரத்தில் ஸ்ரீரங்கன் பேபியைப் பார்த்து, "வாராவாரம் கூடவே வர்றீங்களேம்மா, உங்களுக்கும் வீல் பார்க்கத் தெரியுமா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. பேபிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கொஞ்சம் தெரியும் சார் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வில்பிரட் நிமிர்ந்து ஸ்ரீரங்கனின் உதட்டில் கேள்வியைப் படித்துவிட்டிருந்தார்.

"இதுக்கா? மாவு ஜல்லடையக் குட்த்தா வீலுன்னு சொல்லும் சார். வூட்ல வுட்டா தூங்கிகினே கெடக்கும்னு இட்டாந்து குந்த வச்சிகீறேன். இது இன்னாத்துக்கு ஆவுது? ஒரு புள்ளயாவது பெத்துதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தூங்குமூஞ்சி, மண்டு எல்லாம் பேபிக்குப் பழகிப்போன வார்த்தைகள். பிள்ளைப் பேச்சை அவர் அதுவரை வெளியில் எடுத்ததில்லை. ஒவ்வொரு தடவை கரு கலைந்தபோதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனுஷன்தான்.

வில்பிரட் வீலைத் தூக்கித் தட்டினார். சொத்தென்று அடங்கியது. பக்கத்தில் பழைய செருப்பு விற்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான். ஜெரோமுக்கு முகம் சுருங்கிவிட்டது. வில்பிரட்டின் ஓரக்கண் பேபியிடம் வந்தது. அவள் கை முந்தானை வரைக்கும் போனது. பிறகு மடிக்கே திரும்பி வந்துவிட்டது.

"கேட்டியா சார்?" என்றார் வில்பிரட். "கோயில் மணி கணக்கா கீது. கண்ண மூடிகினு எடுத்துகினு போ."

இனி அந்த வீல் விற்காது என்று ஜெரோமுக்குத் தெரியும். ஆனால் அதைவிட நல்ல சரக்கு கையில் சிக்கிவிட்டதே. மெதுவாக வில்பிரட்டின் முதுகுப் பக்கம் போய் நின்றான். "யோவ், செவுட்டு வில்பிரட்டு" என்றான். அவர் திரும்பவில்லை. முன்னால் நின்றவர்கள் சிரிக்க, வில்பிரட்டும் சிரித்தார். தன் கெட்டிக்காரத்தனத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த முதல் சிரிப்பு பேபிக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

ஜெரோம் விடவில்லை. "உன் பொண்டாட்டிய நான் இட்டுகினு போறேன், சரியா?" என்று கத்தினான். முன்னால் நின்ற ஒருவன் தலையை ஆட்டிக் காட்ட, வில்பிரட்டும் சிரித்துக்கொண்டே பெருசாகத் தலையை ஆட்டினார். சந்தையே சிரித்து உருண்டது. பேபிக்கு உடம்பு கூசிப்போனது. எல்லார் கண்ணும் தன் தோளுக்குப் பின்னால் போவதைப் பார்த்து வில்பிரட் திரும்பினார். ஜெரோமின் வாய் இன்னும் மூடவில்லை. அதில் இருந்த 'செவுடு' என்ற வார்த்தையை அவர் படித்துவிட்டார். "விடுங்கப்பா" என்று முனகிவிட்டு ஸ்ரீரங்கன் நடையைக் கட்டினார்.

வீல்களை அப்படியே போட்டுவிட்டு வில்பிரட்டும் பேபியும் பல்லாவரம் ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அடி விழும் என்று பேபி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வில்பிரட் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, "பேபி, உனக்கும் போயிடுச்சா?" என்றார்.

உண்மையைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டீ வாங்கி வந்து, ஊதி ஆற்றிக் கொடுத்தார். இதற்கு முன்னாலேயே செவிடாகியிருக்கலாம் போலிருக்கிறதே என்று தாம்பரம் வந்து சேரும் வரைக்கும் பேபி நினைத்துக்கொண்டே வந்தாள்.

அந்தக் கரிசனம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்கியது. சர்ச் முடிந்து மேடவாக்கத்திலிருந்து அவர் தங்கை ஜாஸ்மின் வந்தாள். பேபி சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். காது கேட்காதவர் மெல்லவா பேசுவார்? தெருவுக்கே கேட்டது.

"அதுக்கும் காது போச்சு ஜாஸ்மினு. இத்தினி வருஷம் அதுக்காவத்தான் வச்சிகினு இருந்தேன். அழகா, புள்ளயா, ஒண்ணுமில்ல. காது ஒண்ணு இருந்துச்சு. இனிமே அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? அது அண்ணன் வூட்ல கொண்டு போயி வுட்டுடலாம்னு பாக்குறேன்."

"மெதுவாண்ணா. அண்ணி உள்ள இருக்காங்க."

"காதாண்ட போயி கத்தினாலும் அதுக்குக் கேக்காது. நீ வேணா போயி பாரு."

ஜாஸ்மின் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணி," என்றாள் மெல்ல. "அண்ணி, நாங்க பேசினது கேட்டுச்சா?"

திரும்பினால் வெள்ளிக்கிழமை அவள் செய்தது வெளியே வந்துவிடும். வந்தால் அண்ணன் வீட்டுக்குக்கூட உயிரோடு போக முடியாது. பேபி திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஜாஸ்மின் கூடத்துக்குப் போனாள்.

"ஆமாண்ணா, சுத்தமா கேக்கல," என்றாள். "எப்போ கொண்டு போய் விடலாம்?"

எந்தக் கிழமை, யார் கூடப் போவது, எந்தெந்தப் புடவையைக் கொடுத்தனுப்புவது என்று அண்ணனும் தங்கையும் சத்தமாகப் பேசி முடிக்கும் வரைக்கும், பேபி களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.