ஜெரினாக்கா ஒப்படைத்த சாவி

ஏரி விலாஸ் ஹோட்டலின் வரவேற்பு மேசையில் பன்னிரண்டு வருடம் நின்றவன் நான். பெயர் நடேஷ். ஆனால் இது என் கதை இல்லை. என் கதையை எழுதினால் கால் பக்கத்தில் முடிந்துவிடும், அதிலும் பாதி வெளியே சொல்ல லாயக்கில்லை. இது ஜெரினாக்கா கதை.

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில், ரோட்டுக்கு முதுகையும் ஏரிக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு நிற்கிறது ஏரி விலாஸ். மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்துக் கொழித்த ஒருவர் 1936-ல் கட்டியது. முதலில் ரயில்வே துரைமார்கள் தங்கினார்கள். பிறகு நம் ஊர்ப் பீங்கானைக் கொள்முதல் செய்ய வடக்கேயிருந்து வந்த வியாபாரிகள். என் காலத்தில் ஏரி பார்த்த அறை வேண்டுமென்றால் சிபாரிசுக் கடிதத்தோடு வருவார்கள். என் மேசையில் ஒரு பீங்கான் மணி இருந்தது. நம் ஊர்ச் சூளையில் சுட்டது, நீலத்தில் ஒரு கொக்கு வரைந்திருக்கும். ஆட்டினால் மாடி வரைக்கும் கேட்கும். அதை ஆட்டுகிற உரிமை எனக்கு மட்டும்தான் என்பதில் எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

ஜெரினாக்கா அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஹோட்டலுக்கு வருவதற்கு முன் கக்கூஸ் பீங்கான் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தார். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பீங்கானிலும் தண்ணீர் ஊற்றி, வளைவில் தண்ணீர் நிற்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும் வேலை. ஹோட்டலிலும் அந்தப் புத்தி போகவில்லை. மெத்தை விரிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் கக்கூஸைத்தான் பார்ப்பார். நாங்கள் அவருக்குக் கக்கூஸ் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். காதில் விழுந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்.

பிறகு ஏரி இரண்டு வருடம் வறண்டது. புறவழிச்சாலை வந்து கார்களை வேறு பக்கம் கூட்டிப்போனது. போதாததற்கு முதலாளி பழமலைக்கும் அவர் தம்பிக்கும் பாகப்பிரிவினைத் தகராறு. வழக்கு முடிகிற வரை ஹோட்டல் நடத்தக் கூடாது என்று ஆகிவிட்டது. 2014 ஆவணியில் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை ஜெரினாக்காவிடம் நீட்டினார்.

"ஒரு மாசம் பாத்துக்கம்மா. நானே வந்து வாங்கிக்கிறேன்."

"உள்ள இருக்கிறது இருக்கிறபடி திருப்பித் தரேங்க," என்று அக்கா வாங்கிக்கொண்டார்.

அன்று நான் செய்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அழுது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் அந்த மணியை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மூடப்போகிற ஹோட்டல், யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுவாரமே அக்கா கேட்டார். "தம்பி, மேசை மணி எங்கன்னு தெரியுமா?"

"தெரியாதுக்கா," என்றேன்.

ஒரு மாதம் என்று போன பழமலை வரவேயில்லை. மூன்றாம் வருடம் இறந்துபோனார். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனார். ஆனால் திங்களும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டதும் பழைய டிவிஎஸ் வண்டியை உதைத்துக்கொண்டு ஏரி விலாஸுக்குப் போய்விடுவார். இருபத்திரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் ஜன்னலைத் திறப்பார், கக்கூஸில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார், மூடுவார். மழைக்கு முன்னால் மொட்டைமாடி ஏறி, தண்ணீர் போகும் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுவார். சம்பளம் என்ற பேச்சே கிடையாது.

"ஆளே இல்லாத கக்கூஸுக்கு யாருக்கா தண்ணி ஊத்துவாங்க?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"ஆளு இல்லாததுக்குத்தான்டா ஊத்தணும். வளைவுல தண்ணி காஞ்சா அப்புறம் அது வெறும் ஓட்டை. நாத்தமும் எலியும் மேல வந்துடும். எலி வந்தா அதுக்குப் பின்னாடியே பாம்பு வரும். கட்டடம் அதோட போச்சு."

"போனா போவட்டும். உங்க வூடா?"

"என் வூடா இருந்தா விட்டுட்டிருப்பேன். இது அமானிதம். நம்பிக் குடுத்த பொருளு. திருப்பிக் குடுக்கிற வரைக்கும் அல்லா என்னைத்தான் கேப்பான்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மணி எங்கன்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

தெரியாது என்றேன். அந்த ஒன்பது வருடத்தில் எத்தனை தடவை கேட்டார், எத்தனை தடவை அந்தப் பொய்யைச் சொன்னேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஏரி மறுபடி வறண்ட வருடம் ஹோட்டல் கிணறும் காய்ந்தது. ரோட்டோரக் கைப்பம்பில் அடித்து, குடத்தில் சுமந்து ஊற்றினார். அவர் மகள் யாஸ்மினுக்கு நிக்காஹ் வைத்தபோது மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த அக்காவின் கணவர் முகம்மது கனி, சாவி கையில்தானே இருக்கிறது, ஏரி விலாஸ் சாப்பாட்டுக் கூடத்தை ஒரு நாள் திறந்தால் என்ன என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அக்கா அசையவில்லை. கடைசியில் ஒரு பள்ளிக்கூட ஷெட்டில் நிக்காஹ் நடந்தது. சம்பந்திகள் முணுமுணுத்தார்கள், கனி பாய் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அன்று பிரியாணி தின்றுவிட்டு வந்த நானும், இந்தப் பொம்பளைக்குப் பிடிவாதம் தலைக்கேறிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

2023-ல் வழக்கு முடிந்து, ஹோட்டல் பழமலையின் மகள் பூர்ணிமாவுக்கு வந்தது. அவர் சென்னையிலிருந்து சிவராமகிருஷ்ணன் என்ற இன்ஜினீயரோடு வந்து இறங்கினார். இடித்துவிட்டு மனை போட்டு விற்பதுதான் திட்டம். இன்ஜினீயர் பார்த்து, கட்டடம் தேறாது என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பழைய ஆள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

சிவராமகிருஷ்ணன் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டே முதல் அறைக்குள் போனார். அடுத்த அறையில் கைக்குட்டையை இறக்கினார். ஐந்தாவது அறையில் குனிந்து கக்கூஸுக்குள் பார்த்தார். வெளியே போய்ச் சாக்கடைத் தொட்டி மூடியைத் தூக்கச் சொன்னார். மாடி ஏறினார். சுவரைத் தட்டினார், கதவுகளைத் திறந்து திறந்து மூடினார். இறங்கி வந்ததும் முதல் கேள்வி:

"இங்க யாரு தங்கியிருந்தது?"

"யாரும் தங்கலீங்க. தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன்," என்றார் அக்கா.

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு பூர்ணிமாவிடம் திரும்பினார். "ஒயரிங் மாத்தணும், பெயின்ட் அடிக்கணும். அவ்வளவுதான் மேடம். இதை இடிங்கன்னு என்னால எழுத முடியாது."

பூர்ணிமா தனியே ஏரிப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். ஏரி அப்போது நிறைந்திருந்தது. திரும்பி வந்து, "நடத்திப் பார்க்கலாம்," என்றார். "சாவி உங்க கிட்டயே இருக்கட்டும்க்கா. நீங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கணும்."

"அப்படி இல்லீங்க. முதல்ல ஒப்படைக்கிறேன், வாங்கிக்கங்க."

வரவேற்பு மேசை முன் நின்று, எதையும் பார்க்காமல், மனதிலிருந்தே சொன்னார். கட்டில் எத்தனை, மெத்தை எத்தனை, கண்ணாடி எத்தனை, கிண்ணம் எத்தனை. முடித்துவிட்டுத் தன் பைக்குள்ளிருந்து ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். புதுப் பீங்கான் மணி. நீலத்தில் கொக்குகூட இருந்தது. கழுத்துதான் கொஞ்சம் குட்டை.

"மேசை மணி ஒண்ணு குறையுதுங்க. சூளையில சொல்லிச் செஞ்சு வாங்கினேன். இது அது இல்லைதான். என் பொறுப்புல தொலைஞ்சது, மன்னிச்சுக்கங்க."

ஒன்பது வருடம் ஒரு ஊசிகூட எடுக்காதவர் என் திருட்டுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். என்னால் முடியவில்லை.

"அக்கா, மணி எங்க வூட்ல இருக்குது. நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. "உன்னைத்தானேடா கேட்டுக்கிட்டே இருந்தேன்! உன்னையேதானே கேட்டேன்!" குரல் உடைந்துவிட்டது. அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "போ. போய் எடுத்துட்டு வா. அதுவரைக்கும் சாவி குடுக்க மாட்டேன்."

"பரவாயில்லைக்கா, ஒரு மணிதானே," என்றார் பூர்ணிமா.

"உங்களுக்கு அது மணிங்க. நீங்க உக்காருங்க."

கார் காத்திருந்தது, இன்ஜினீயருக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாராம். நான் வண்டியை விரட்டி வீட்டுக்குப் போய், பீரோவில் புடவைகளுக்குப் பின்னாலிருந்து மணியை எடுத்து, ஏன் என்று கேட்ட மனைவிக்குப் பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன். மேசையில் வைத்தேன். அக்கா அதை எடுத்து விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் சாவிக்கொத்தைப் பூர்ணிமாவின் கையில் வைத்தார்.

"சரியா இருக்குதுங்க."

பூர்ணிமா அதை வாங்கி, ஒரு நிமிடம் கையில் வைத்திருந்து, திருப்பி அக்காவிடமே நீட்டினார்.

"இப்ப வாங்கிக்கிறேன்," என்றார் அக்கா. "இது வேலை."

பூர்ணிமா என் பக்கம் கையைக் காட்டி, "இவரை மேசைக்கு வச்சுக்கலாமாக்கா?" என்று கேட்டார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை போலிருந்தது.

அக்கா யோசித்தார். "வச்சுக்கங்க. வேலை தெரிஞ்சவன். மணி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

ஏரி விலாஸ் திறந்து இரண்டு வருடமாகிறது. சனி, ஞாயிறு அறை கிடைப்பதில்லை. தினமும் காலையில் அக்கா மணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைக்கிறார். வேலை முடிந்து கிளம்பும்போது நான் அதை அவர் கையில் கொடுக்கிறேன். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வா தம்பி," என்ற பிறகுதான் நான் வீட்டுக்குப் போகிறேன்.