கிரேக்கர் கோயிலும் அம்மாவின் துடக்கும்

எனக்குப் பழைய கட்டிடங்களைக் காட்டத்தான் சிசிலித் தீவுக்குப் போகிறோம் என்று அப்பா லண்டனில் நாங்கள் இருந்த ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஒன்பது வயதில் நானும் அதை நம்பினேன். நூலகத்துப் படப்புத்தகத்தைப் பார்த்துக் கிரேக்கர் கோயில்களின் தூண்களை வரைந்து வரைந்தே என் பென்சில்கள் கரைந்துபோயின.

உண்மையில் அது சின்ன மாமாவைத் தேடிய பயணம். அம்மாவின் ஒரே தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே, ஐரோப்பாவுக்கு வரப் படகேறி அந்தத் தீவுக்கு அருகே கடலில் காணாமல்போனவர். படகு கவிழ்ந்ததாகச் செய்தி வந்தது, உடல் வரவில்லை. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையாவது செய்து அவரை அனுப்பிவைப்போம் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் வீட்டில் சண்டை.

"உயிரோடை இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமோ?" என்பாள் அம்மா.

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், மாமாவின் பெயருக்கும் பூரட்டாதி நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்விப்பாள். வீட்டிலேயே இருந்த எனக்கு அதில் பாதிகூட நடந்ததில்லை. அந்தப் பொறாமை எனக்கு நிறையவே இருந்தது.

சிசிலியில் முதல் நாள் கரையோர ஊரொன்றின் சவக்காலைக்குப் போனோம். கடல் ஒதுக்கிய, பெயர் தெரியாதவர்களைப் புதைத்த மூலை ஒன்று அங்கே இருந்தது. சிலுவைகளில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இலக்கங்கள். அம்மா ஒவ்வொன்றின் முன்னும் நின்றாள். விசாரிப்பதற்கென்று கொண்டுவந்த மாமாவின் படத்தைக் கைப்பையிலிருந்து எடுக்கவேயில்லை. எனக்குப் பசித்தது.

மறுநாள் அக்ரிஜெந்தோ என்ற ஊரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கிரேக்கர் கோயில்களைப் பார்க்க உள்ளே போகிற நேரம், அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். நானோ, கோயில் என்றதும் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்குத் துடக்கு."

"இது சாமியில்லாத கோயில். வெறும் கல்லு. இதுக்கென்ன துடக்கும் தீட்டும்?" என்றார் அப்பா.

"கோயில் கோயில்தான். செத்தவீட்டுத் துடக்கோடை நான் வரேலாது."

ஆர் செத்தது என்று கேட்டேன். அம்மா மதிலோரம் போய் இருந்தாள். இத்தனை வருடம் சண்டைபிடித்துக் கேட்டது அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது. அவரும் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். கோயிலை நான் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அவ்வளவு தூரம் வந்து இதுதானா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

லண்டனுக்குத் திரும்பியபின் அம்மா கோயில்பக்கம் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை மரக்கறிக் கடையில் கண்ட எங்கள் தெரு அக்கா ஒருவர், "என்ன, நேற்று உம்மைக் கோயிலிலை காணேல்லை?" என்று கேட்டார்.

"தம்பி மோசம் போயிட்டான், அக்கா."

"ஐயோ, எப்ப செத்தவர்?"

"போன கிழமை."

கையில் வெண்டிக்காயோடு அம்மா கடைக்குள் நின்று அழத் தொடங்கினாள். மாமா கடலில் போனது நான் பிறப்பதற்கு முன்பு. போன வாரம் என்று அம்மா கணக்கைப் பிழையாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அதைத் திருத்தத்தான் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றேன்.