கோட்டை கேமில் ஒரு வீடு

என் வீட்டுக்காரர் கோகுல்ராஜைத் தங்கமான மனிதர் என்று எங்கள் மலை ஊரான புதூர்நாட்டில் எல்லாரும் சொல்வார்கள். தங்கத்தோடு குடும்பம் நடத்திப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஜீப்பில் யாராவது குடையை மறந்து வைத்துவிட்டுப் போனால், அதைத் திருப்பிக் கொடுக்க அடுத்த மலை வரைக்கும் நடப்பார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மாற்ற மாட்டார். சொன்னது தப்பென்று தெரிந்த பிறகும் மாற்ற மாட்டார். அங்கேதான் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது.

திருப்பத்தூருக்கும் எங்கள் ஊருக்கும் ஜீப் ஓட்டுகிறார். பி.சி.ஏ. படித்துவிட்டு ஜீப் ஓட்டுகிறாரே என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. அவருக்கு அந்தக் கவலையே கிடையாது. அவரும் அவருடைய தங்கச்சி சசிகலாவும் ஒரே காலேஜில் படித்தவர்கள். ரெண்டு பேருக்கும் அரசாங்க லேப்டாப் கிடைத்தது. அதை வைத்துப் படித்தார்களோ இல்லையோ, ஒரு கேம் ஆடினார்கள். அதன் இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது. நான் கோட்டை கேம் என்பேன்.

வாள், மந்திரம், பூதம், குகை என்று அது ஒரு தனி உலகம். எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அதற்குள் நடமாடுவார்கள். இவர் அதில் வாள்வீரன். சசி வைத்தியக்காரி. இவர் யோசிக்காமல் போய் பூதத்திடம் அடி வாங்கி விழுவார், அவள் பின்னாலேயே வந்து மந்திரம் போட்டு எழுப்பி விடுவாள். வெளியிலும் ஏறக்குறைய அப்படித்தான். கல்யாணமாகி வந்த புதிதில் இவர் என்னிடம் ஏதாவது உளறி வைப்பார், சசிதான் இடையில் வந்து என்னைச் சமாதானம் செய்வாள். என்னிடம் அவள் நாத்தனார் மாதிரி நடந்துகொண்டதே இல்லை.

அந்தக் கேமுக்குள் ஏரிக்கரை மேட்டில் அண்ணனும் தங்கச்சியும் ஒரு வீடு கட்டினார்கள். கதவுக்கு மேலே ரெண்டு பேர் பெயரும் இருக்கும். அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மூன்று மாதத்துக்கு யாரும் வந்து கதவைத் திறக்காவிட்டால் வீடு தானாக இடிந்து விழுந்துவிடும். இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

எங்கள் கல்யாணம் முடிந்த மறுவருஷம் சசி படவேட்டுப் பையன் புருஷோத்தமனைக் கட்டிக்கொண்டாள். கூடப் படித்தவன், மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரன், கரும்பு விவசாயம். எங்கள் ஊரில் வெளி ஆளைக் கட்டினால் விலக்கி வைப்பார்கள். ஊர்க்கவுண்டராக நியாயம் சொல்ல உட்கார்ந்தவர் வேறு யாருமில்லை, சசியின் சொந்தப் பெரியப்பா ராஜாக்கண்ணுதான். தம்பி மகள் என்று பார்த்தால் நாளைக்கு யார் மதிப்பார்கள் என்று அவருக்கு வீம்பு. சபை நடுவில் நிறுத்தி என் வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினார். அவள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன், அவள் கையால் தண்ணீர் வாங்க மாட்டேன், அவளோடு போனில் பேச மாட்டேன். மூன்றுக்கும் இவர் கையடித்துக் கொடுத்தார்.

கோபம்தான். ஓடிப் போனதைக் கூடப் பொறுத்திருப்பார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே என்பதுதான் இவருக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மூடி டிரங்குப் பெட்டியில் போட்டார். கேமுக்குள் போனால் அங்கே அவள் நிற்பாள் அல்லவா. அதன் பிறகு வருஷக்கணக்கில் அந்தப் பெட்டியை அவர் திறக்கவில்லை.

கோபம் எப்போதோ தீர்ந்துவிட்டது. சத்தியம்தான் தீரவில்லை. "ஜீப் கீது, டீசல் கீது, ஒரு நடை போய்ட்டு வாங்களேன்" என்று நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "கையடிச்சுக் குடுத்துட்டேன்" என்பார். அந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

இந்த மாசியில் ஒரு நாள் மத்தியானம் நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தார், முகத்தில் ரத்தமே இல்லை. படவேட்டுக் கோயிலுக்குப் போய்வந்த ரத்தினம்மாள் ஜீப்பில் ஏறிச் சொன்னாளாம்: "உன் தங்கச்சி வூடு பூட்டிக் கீதுடா. மாசமா இருந்தாளாமே. போன மாசம் இன்னாவோ ஆயி வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்களாம். பொழச்சாளா இல்லியான்னு பக்கத்து வூட்டுக்காரங்களுக்கே தெரியல."

சசி மாசமாக இருந்ததே எங்களுக்குத் தெரியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "இப்பவாவது கிளம்புவீங்களா மாட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. தங்கச்சி சாகக் கிடக்கிறாள், இந்த மனிதர் கேம் ஆடப் போகிறார் என்று எனக்கு வந்த கோபத்தில் புளி முறத்தையே தூக்கி அடித்திருப்பேன்.

"இருடி" என்றார். "அந்த வூடு நின்னுனு இருந்தா அவ வந்துனு போய்னு இருந்தான்னு அர்த்தம். கடைசியா எப்ப வந்தான்னும் கதவுல எழுதி இருக்கும்."

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. முறத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

லேப்டாப்பில் பேட்டரி செத்துப் போயிருந்தது. வயரைச் செருகினால்தான் உயிர் வந்தது. போனில் இருந்து நெட் கொடுத்தார். இத்தனை வருஷத்து மாற்றத்தையும் சேர்த்து இறக்க வேண்டும் என்றது கேம். எங்கள் ஊர் டவரில் அது எறும்பு ஊர்கிற மாதிரி இறங்கியது. அன்று அவர் மறுபடி ஜீப் எடுக்கவில்லை. சோறும் தொடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கேம் திறந்தது. பாஸ்வேர்டை அவர் யோசிக்கவே இல்லை, விரல்களே போட்டன.

வாள்வீரன் ஒரு சந்தையில் நின்றான். முன்பெல்லாம் அங்கே திருவிழாக் கூட்டமாக இருக்குமாம், பேச்சு ஓடுகிற வேகத்தில் படிக்கவே முடியாதாம். இப்போது கடைகள் காலி. எந்த நாட்டுக்காரனோ ஒருவன் மட்டும் மீன் விற்றுக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கையசைத்தான். கேமுக்கும் வயதாகிவிட்டது, ஆடினவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டி என்று போய்விட்டார்கள் என்றார் இவர். சொல்லிக்கொண்டே வீரனை ஓட விட்டார். பாலம் தாண்டி, காடு தாண்டி, ஏரிக்கரை வந்தது. கரை முழுக்க வெறும் இடம். முன்பு அங்கே வரிசையாக வீடுகள் இருந்தனவாம், ஒன்றும் இல்லை. மேட்டில் ஏறும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் பார்த்தேன்.

"இன்னாங்க, ஒரு வூடு கீதுங்க" என்றேன்.

வீடு நின்றது. கதவுக்கு மேலே ரெண்டு பேர் பெயரும் இருந்தது. கடைசியாகத் திறந்தது வைத்தியக்காரி, இந்த வாரம். இவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொல்வது போன மாதத்தில். இந்த வாரம் கதவைத் திறந்திருக்கிறாள் என்றால் பிழைத்துவிட்டாள். அன்று ராத்திரி ரெண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் லேப்டாப்பைத் திறந்தே வைத்திருந்தார். வாள்வீரன் வீட்டுக்குள் நின்றுகொண்டே இருந்தான். மூன்றாம் நாள் காலையில் கதவு திறந்து வைத்தியக்காரி உள்ளே வந்தாள். நான் கைதட்டிவிட்டேன். ஆனால் வந்தவள் நேராகப் போய்ச் சுவரில் முட்டினாள். திரும்பி மேசையில் முட்டினாள். ரெண்டு படி ஏறத் தெரியாமல் அதே இடத்தில் நடந்துகொண்டே இருந்தாள்.

இவர் முகம் கறுத்துவிட்டது. "இது சசி இல்ல. அவ கண்ண மூடினே இங்க நடப்பா. வேற யாரோ."

வேறு யாரோ என்றால் சசி எங்கே? என் கையில் இருந்த புளி நழுவிக் கீழே விழுந்தது. யாரு நீ என்று இவர் எழுதினார். வைத்தியக்காரி அசையாமல் நின்றாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிற ஒருவருடைய வேகத்தில், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது.

"மச்சான், நான் புருஷோத்தமன்."

இவர் பின்வாங்கினார். அந்த மனிதரோடு இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் இடித்தேன். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சபையில சசிய பத்திதான் சத்தியம். இவர பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல" என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, சசி எப்படி என்று எழுதினார்.

நல்லா கீறா, என்று முதலில் வந்தது. நல்ல மனிதர், அதை முதலில் எழுதினார். மற்றது எல்லாம் மெல்ல வந்தது. குழந்தை ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்டது. சசிக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், இப்போது அம்மாவிடம் கொடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறது. இன்னும் சில நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன், அப்படியே இதையும் திறந்தேன் என்று எழுதினார்.

"உங்களுக்கு இது ஆடத் தெரியுமா?" என்று இவர் கேட்டார்.

"தெரியாது மச்சான். ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள தூக்கினு போறாங்க, அப்ப என் கைய புடிச்சுனு, கேமுல வூட்டுக் கதவ தெறந்து வுடு, வூடு வுழுந்துட்டா அண்ணன் வந்து எங்க நிப்பான்னு கேட்டா. மூணு மாசத்துக்கு ஒரு தபா போதும்னா. எனக்கு பயம். ஊருக்கு வரும்போதெல்லாம் தெறந்துட்டுப் போறேன்."

இவர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து தண்ணீர்ப் பானையருகில் போய் நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. நானும் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது அதை விட்ட பிறகுதான் தெரிந்தது.

நான் அழுத சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் பெரியப்பா ராஜாக்கண்ணு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏண்டா கோகுலு, சத்தியத்த மீறிட்டியாமே?"

"இல்ல பெரியப்பா."

"அவ வூட்டுப் படிய மிதிச்சியா?"

"மிதிக்கல. இது எங்க ரெண்டு பேரு வூடு. பாரு, என் பேரும் கீது."

பெரியப்பா குனிந்து திரையைப் பார்த்தார். அதில் தெரிந்த ஏரியையும் பார்த்தார். "அவ கையால தண்ணி வாங்கினியா?"

"இதுல தண்ணி குடிக்க முடியாது பெரியப்பா."

வைத்தியக்காரி மருந்துக் குப்பி கொடுப்பாள், அது இன்னா கணக்கு என்று என் வாய்வரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போன்ல பேசினியா?"

நெட் கொடுத்துக்கொண்டு போன் லேப்டாப் பக்கத்திலேயே கிடந்தது. இவர் பொய் சொல்லத் தெரியாமல் அதையே பார்த்தார். நான் புளி முறத்தை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

"பேசல. எழுதினேன். அதுவும் அவளுக்கு இல்ல, அவ வூட்டுக்காரருக்கு."

பெரியப்பா முகவாயைத் தடவினார். "எழுதக் கூடாதுன்னு சபையில யாரும் சொல்லலியே" என்றார் கடைசியில். தீர்ப்பு முடிந்தது, போவார் என்று பார்த்தேன். அவர் இப்போதுதான் உட்கார்ந்தார்.

"இன்னா புள்ள?"

"பொண்ணு."

"தாயி?"

"ரெண்டு பேரும் நல்லா கீறாங்க பெரியப்பா."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னா வெயிலு" என்றார். அன்று வெயிலே இல்லை, காலையிலிருந்து மூட்டமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் சசி படவேட்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று புருஷோத்தமன் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கேமுக்குள் வருவதாகவும் சொன்னார். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, இவர் யாரிடம் சொன்னாரோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். ஜீப் எடுக்கலியா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு லேப்டாப்புக்கு நேராக உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வைத்தியக்காரி பாலத்தில் வந்தாள். இந்த முறை எதிலும் முட்டவில்லை. மேட்டில் துள்ளி ஏறினாள். இவர் சிரித்துக்கொண்டே, "சசி" என்றார். பிறகு இவர் குணம் இவரை விடுமா, பெரியப்பா பக்கத்துல உக்காந்துனு கீறார் என்று உண்மையை எழுதி அனுப்பினார்.

வைத்தியக்காரி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கதவு திறந்திருந்தது. உள்ளே வாள்வீரன் நின்றான். அவள் ஓர் அடியும் வைக்கவில்லை.

"இதுல எதுடா சசி?" என்றார் பெரியப்பா.

இவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

பெரியப்பா கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் மூச்சு பட்டுத் திரை மங்கியது, துண்டால் துடைத்துவிட்டார்.

"பச்ச ஒடம்புக்காரி, ஏண்டா வெளியவே நிக்கிறா?" என்றார். "உள்ள வரச் சொல்லு."